கறுவாவா, எலியா?

மல்வேர்ன், ஸ்காபரோ, கனடா
20 செப்ரெம்பர் 2025

அன்புள்ள ஜெசிக்கு,

நீயும் உன் அப்பா அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு இந்தக் கிழமை பின்னேர ஷிப்ட். நான் வழமைபோல.

கடிதம் லப்ரொப் பையின் முன் சிப்பைத் திறந்தால், சாஜருக்குக் கீழே இருக்கும். போன முறை நீ பார்க்காமல் விட்டு, உன் அப்பா அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். வட்டமான கறையோடு ஒரு கடிதம் போதும்.

ஏன் மெசேஜ் போடக்கூடாது என்று திரும்பவும் கேட்டிருக்கிறாய். மெசேஜ் போட்டால் நீ உடனே பதில் போடுவாய். உடனே பதில் வந்தால் அடுத்ததாக என்ன சொல்வதென்று எனக்கு வராது. உன் அப்பா சனிக்கிழமை இங்கே வேலைக்கு வரும்போது பையைக் கொண்டுவந்து தருவதும், அடுத்த சனி எடுத்துப்போவதும்தான் என் வேகத்துக்குச் சரி.

உனக்குச் சொல்ல ஒரு புதினம். முதியோர் சங்கத்துக்கென்று நான் திருத்திக் கொடுக்க அவர் கொண்டுவந்து தந்த பழைய லப்ரொப்கள் இப்போது பதினான்கு ஆகிவிட்டன. ஒக்ரோபரோடு விண்டோஸ் பத்துக்குக் காலம் முடிகிறதாம், அதனால் எல்லோரும் கழித்துவிடுகிறார்கள். சங்கத்தைப் பார்க்கும் அருள்நாயகம் அங்கிள் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, தை பிறக்கக் கொம்பியூட்டர் அறையைத் திறப்பம். கிழமைக்கு மூண்டு நாள் பாக்க ஒரு ஆள் வேணும். உன்னை மனசில வச்சிருக்கிறன்."

ஜெசி, கிரேட் பதினொன்றில் பள்ளிக்குப் போகாமல் விட்ட பிறகு யாரும் என்னை மனதில் வைத்திருப்பதாகச் சொன்னதில்லை. ஓம் என்றுகூடச் சொல்ல வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு அந்த அறை வேண்டும்.

இனி நம் சண்டைக்கு வருவோம். பதினான்குக்கும் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் என்று முடிவு. டெபியனின் பிள்ளை உபுண்டு, உபுண்டுவின் பிள்ளை மின்ட். எல்லாம் ஒரே லினக்ஸ் குடும்பம்தான், ஆனால் மூன்றிலும் மின்ட்தான் விண்டோஸ் பழகிய ஆட்களைப் பயப்படுத்தாது. திரையில் தெரியும் முகம்தான் பிரச்சினை. அதே மின்டுக்குச் சினமன், அதாவது கறுவாப்பட்டை, என்ற முகமும் உண்டு, எலிப்படம் போட்ட எக்ஸ்எஃப்சிஈ முகமும் உண்டு. கறுவாவா, எலியா? நான் எலி. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும். ஆனாலும் சொல்லு.

உன்
நிலாணி


விட்பி
27 செப்ரெம்பர் 2025

என் எலிக்குட்டி நிலாணிக்கு,

கடிதத்தைக் கறை படாமல் எடுத்துவிட்டேன், பயப்படாதே. அந்த வேலை கிடைத்தால் எனக்குத்தான் முதல் பார்ட்டி வைக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கான வகுப்பில் கடைசி மேசையில் இருந்து, ரீச்சர் பெயர் கேட்டபோது அழுத பிள்ளையா இது என்று எனக்கு நம்ப முடியவில்லை. அன்றைக்கு உன் பெயரைச் சொன்னது நான். மறந்துவிடாதே!

கறுவா, கறுவா, கறுவா. நூறு தரம் எழுதவா? எலி பத்து வருடத்துக்கு முந்திய வங்கிக் கொம்பியூட்டர் மாதிரி இருக்கிறது. சங்கத்துக் கமிட்டிக்காரர் வந்து பார்த்தால் முதலில் வடிவைத்தான் பார்ப்பார்கள். நிழல் விழுகிறது, ஜன்னல் மெதுவாக விரிகிறது, அதெல்லாம் ஆட்களுக்குப் பிடிக்கும். நீ எப்போதும் உள்ளே இருப்பதைப் பார்க்கிறாய். உலகம் அப்படியில்லையடி.

நீ எழுதி வைத்திருக்கிறாயே அந்தப் பச்சைக் கொப்பி, எந்த லப்ரொப்புக்கு எது, தமிழ் விசைப்பலகை எப்படிப் போடுவது என்றெல்லாம். அதை எனக்கு அனுப்பு. நான் இங்கிலீஷில் மாற்றித் தருகிறேன். சங்கத்துக்குப் பணம் தருகிறவர்கள் அதைக் கேட்பார்கள். இங்கே பன்னிரண்டாம் கிரேட் உயிரை எடுக்கிறது, யூனிவேர்சிற்றி விண்ணப்பத்துக்கு "தலைமை தாங்கிய அனுபவம்" எழுதச் சொல்கிறார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் "என்னத்துக்கடி தலைமை தாங்கினனீ?" என்று கேட்கிறா. என்னத்துக்கு? கழுவாத கோப்பைகளுக்கு.

முத்தங்களுடன்,
ஜெசி


மல்வேர்ன்
11 ஒக்ரோபர் 2025

அன்புள்ள ஜெசிக்கு,

சண்டையை நான் தீர்க்கவில்லை. ஆட்களையே தீர்க்கவிட்டேன்.

மூன்றாம் இலக்க லப்ரொப்பில் கறுவாவும் நாலாம் இலக்கத்தில் எலியும் போட்டு, செவ்வாய்க்கிழமை சங்கத்து மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பாலேஸ்வரி அன்ரி கறுவாவின் முன் இருந்தா. அமிர்தநாதர் அங்கிளும் முதலில் அதில்தான் இருந்தார், பிறகு எழும்பிவிட்டார்.

"இது வடிவாயிருக்குது, என்ன?" என்றா அன்ரி.

"வடிவை வச்சு என்ன செய்யிறது? நான் அமத்திப்போட்டு ஒரு செபமாலை சொல்லி முடிச்சிட்டன், இன்னும் திறக்கேல்லை" என்றார் அங்கிள்.

"உங்களுக்கு அவசரம் அண்ணை. கலியாணத்திலயும் முதல் பந்திதான்."

"அவசரம் இல்லாதவைக்கு உங்க கிடக்கு பின் கதிரை." எலிக்கு முன்னால் வந்து இருந்தார். "பிள்ளை, உதென்ன எலியே நிக்குது? கடிக்காதோ? சரி, மன்னாரில இருக்கிற தம்பிக்கு எழுதப்போறன், எழுத்தைக் காட்டு."

காட்டினேன். ஜெசி, நான் அவரோடு இருபது நிமிடம் கதைத்தேன். திரையைப் பார்த்துக்கொண்டு கதைத்தால் எனக்குக் குரல் வருகிறது! ஆளும் திரையைத்தான் பார்க்கிறார், நானும் திரையைத்தான் பார்க்கிறேன். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பது எனக்கு இவ்வளவு நாளும் தெரியவில்லை.

ஆகவே எலி. செவ்வாய்க்கிழமை மூன்றில் இருந்தவர் வியாழக்கிழமை ஒன்பதில் இருப்பார், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம் வேண்டும். கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அறையில் ஆக மெலிந்த இயந்திரம் எதைத் தாங்குமோ, அதையே எல்லாவற்றுக்கும் போட வேண்டும்." இதை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சரியாக வந்திருக்கிறதா?

பச்சைக் கொப்பி பையில் இருக்கிறது. அதில் என் பெயர் எழுதவில்லை. எழுதினால் யார் இது என்று கேட்பார்கள். ஆனால் லினக்ஸ் போடும்போது ஒரு பெயர் கேட்கும், கொடுக்காமல் அடுத்த பக்கம் போகாது. அதனால் பதினான்கு லப்ரொப்பையும் திறந்தால் முதலில் "நிலாணி" என்று வரும். பார்க்க வெட்கமாகவும் இருக்கிறது. வேறு மாதிரியும் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் ஒக்ரோபர் 31க்குள் கொடுக்க வேண்டும் என்று சங்கத்துக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அருள்நாயகம் அங்கிள் என்னை மனதில் வைத்திருப்பதாகச் சொன்னாரே, நானும் எழுத வேண்டுமா? அவரிடம் கேட்க எனக்குக் கூச்சம். நீ போனில் கேட்டுச் சொல்வாயா?

உன்
எலிக்குட்டி


விட்பி
25 ஒக்ரோபர் 2025

என் நிலாணிக்கு,

போன சனி பை வராததற்கு மன்னித்துக்கொள். அப்பாவுக்கு வேறு இடத்தில் ஷிப்ட்.

அருள்நாயகம் அங்கிளிடம் கேட்டேன். நீ ஒன்றும் எழுதத் தேவையில்லை. கதவில் ஒட்டியது சும்மா முறைக்கு. உன்னைத்தான் போடுவார்கள். நீ இருந்து விண்ணப்பம் எழுதி, அதை நாலுதரம் கிழித்து, நித்திரை இல்லாமல் திரிய வேண்டாம்.

கொப்பி அருமை. முழுவதும் வாசித்தேன். மெலிந்த இயந்திரம் பற்றிய வசனம் நன்றாக வந்திருக்கிறது, உண்மையாகவே.

இந்தப் பையில் இருப்பது என் சொந்த லப்ரொப். போன வருடம் நீ போட்டுத் தந்த உபுண்டு நேற்றிரவு அப்டேட் ஆனதிலிருந்து தமிழ் எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகக் காட்டுகிறது. மின்ட் போட்டுத் தா, கறுவாவோடு. அதில் ஒன்றும் முக்கியமில்லை, எல்லாவற்றையும் துடைத்துப் போடு.

அவசரத்தில்,
ஜெசி


மல்வேர்ன்
8 நவம்பர் 2025

அன்புள்ள ஜெசிக்கு,

உன் லப்ரொப் சரி. மின்ட், கறுவா முகத்தோடு. உன் இயந்திரத்துக்கு எட்டு ஜீபி நினைவகம் இருக்கிறது, அது தாங்கும்.

எல்லாவற்றையும் துடைக்கவில்லை. நான் லினக்ஸ் போடும்போது லப்ரொப்பின் சேமிப்பு வட்டை இரண்டாகப் பிரித்து வைப்பது உனக்குத் தெரியும். ஒன்றில் லினக்ஸ், மற்றதில் ஆளின் சொந்தக் கோப்புகள். ஒரு லினக்ஸை எடுத்து இன்னொன்று போடும்போது முதலாவதை மட்டும்தான் அழிப்பேன். பாலேஸ்வரி அன்ரியின் மகளின் கலியாணப் படங்களை நான் அழித்துவிட்டு, அவ "பரவாயில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுத நாளிலிருந்து, துடை என்று சொன்னாலும் நான் துடைப்பதில்லை. உன் கோப்புகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

நான் யாருடைய கோப்பையும் வாசிப்பதில்லை. ஆனால் தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கத் தமிழில் இருக்கும் ஏதாவது ஒன்றைத் திறக்க வேண்டும். ஆகக் கடைசியாக இருந்த ஒன்றைத் திறந்தேன்.

எழுத்து நன்றாகத் தெரிகிறது.

ஜெசி, எனக்குச் சொல்ல உனக்கு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுது. கோபப்பட மாட்டேன்.

நிலாணி


விட்பி
15 நவம்பர் 2025

நிலாணி,

லப்ரொப் சுப்பர். நன்றியடி. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

சொல்ல என்ன இருக்கிறது? அதே பள்ளி, அதே பனி, அதே அம்மா. 22ஆம் திகதி வேலைக்கு ஆளை அறிவிக்கும் சங்கத்துக் கூட்டத்துக்கு நான் வருவேனோ தெரியாது, சோதனைக்குப் படிக்க இருக்கிறது. நீ நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போ.

கொப்பியைத் தேடி எடுத்து அடுத்த முறை அனுப்புகிறேன்.

ஜெசி


மல்வேர்ன்
23 நவம்பர் 2025

ஜெசிக்கு,

நீ வந்தாய். நான் நல்ல உடுப்புத்தான் போட்டிருந்தேன், அம்மாவின் நீலச் சல்வார்.

நடந்ததை உனக்கே எழுதுவது விசர்த்தனம்தான். இருந்தாலும் நீ முன்னால் நின்றாய், நான் பின்னால் நின்றேன். பின்னாலிருந்து எப்படித் தெரிந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அருள்நாயகம் அங்கிள் சொன்னார்: "கமிட்டிக்கு வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். ஆனா ஒண்டே போதும். அவ்வளவு வடிவா எழுதியிருக்குது இந்தப் பிள்ளை." பிறகு அதிலிருந்து ஒரு வசனத்தை வாசித்தார். "அறையில் ஆக மெலிந்த இயந்திரம் எதைத் தாங்குமோ." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன், ஜெசி. என் வசனத்துக்குக் கை தட்டுகிறார்கள் என்று ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் உன் பெயரைச் சொன்னார்.

அமிர்தநாதர் அங்கிள் எழும்பிக் கேட்டார்: "உதைத் திறந்தா நிலாணி எண்டெல்லோ வருது? அது ஆர்?"

நீ சிரித்தாய். "அது சும்மா ஒரு பேர் அங்கிள். ஏதாவது ஒண்டு போடத்தானே வேணும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அருள்நாயகம் அங்கிளும் பார்த்தார். "பிள்ளை, உனக்கு ஏதும் சொல்லக் கிடக்கோ?" என்று கேட்டார். மண்டபம் முழுக்கத் திரும்பியது. பார்க்க எனக்கு முன்னால் திரை இல்லை. கிரேட் பதினொன்றில் வகுப்புக்கு முன்னால் பேச நின்று, அதோடு பள்ளியையே விட்ட நாள் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

எனக்கு அப்படித்தான் ஆகும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மண்டபத்தில் நீதான்.

உன் லப்ரொப்பில் நான் திறந்தது உன் விண்ணப்பத்தைத்தான். நவம்பர் இரண்டாம் திகதி திறந்தேன், விண்ணப்பக் காலம் முடிந்து இரண்டு நாள். மூன்று பக்கம். இரண்டே முக்கால் பக்கம் என் கொப்பி. மிச்சம் கால் பக்கத்தில் நான்: "என்னோடு உதவிக்கு ஒரு பிள்ளை வருகிறாள். பாடசாலையை இடையில் விட்டவள். நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்வாள். முதியோரோடு கதைக்கும் பொறுப்பு அவளுக்கு ஏற்றதல்ல."

அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. நீ கவனமாகத்தான் எழுதியிருக்கிறாய்.

கோப்பின் திகதி ஒக்ரோபர் 24. "நீ ஒன்றும் எழுதத் தேவையில்லை" என்று எனக்கு எழுதிய கடிதத்தின் திகதி ஒக்ரோபர் 25. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் இலக்கத்தையும் மூன்றாம் இலக்கத்தையும் வைத்த மாதிரி. இரண்டும் ஒரே ஆள் எழுதியது, முகம்தான் வேறு.

அதற்குப் பிறகும் உன்னிடம் கேட்டேன். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று. நீ சொல்லியிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். அது உனக்கும் தெரியும். அதுதான் எனக்கு விளங்கவில்லை. கேட்டிருந்தாலே கிடைத்திருக்கும் ஒன்றை ஏன் எடுத்தாய்?

கொப்பியை அனுப்பு.

நிலாணி


விட்பி
13 டிசம்பர் 2025

அன்புள்ள நிலாணிக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். உன்னைப் போல.

மன்னித்துக்கொள். யூனிவேர்சிற்றி விண்ணப்பத்துக்கு ஒரு அனுபவம் வேண்டியிருந்தது. அம்மா நெருக்கினா. சங்கத்து விண்ணப்பத்தில் முதலில் இரண்டு பேருடைய பெயரும்தான் எழுதினேன். பிறகு வாசித்துப் பார்த்தபோது என் பக்கம் எழுத ஒன்றும் இருக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நீ நம்ப வேண்டும். உனக்கு ஆட்களுக்கு முன்னால் கதைக்கிறது பிடிக்காதுதானே? நான் முன்னுக்கு நின்று கதைக்கிறேன், நீ பின்னால் இருந்து செய். நம் இருவருக்கும் அது பொருந்தும். யோசித்துப் பார்.

இன்னொன்று. அறை திறக்க முந்தி வடிவாக இருக்கட்டும் என்று, எல்லாவற்றிலும் எலிக்கு மேலேயே கறுவாவை ஏற்றிவிட்டேன். இப்போது எல்லாம் இரண்டு இரண்டாக வருகிறது. சின்ன இயந்திரங்கள் அசையவே இல்லை. பாலேஸ்வரி அன்ரிகூட "பழைய எலியையே விடு பிள்ளை" என்று சொல்கிறா. அமிர்தநாதர் அங்கிள் என்னோடு கதைப்பதே இல்லை. நான் போனால் செபமாலையை எடுக்கிறார். பதினோராம் இலக்கம் முழுக்க நின்றுவிட்டது, அதை இந்தப் பையில் வைத்திருக்கிறேன். மற்றவற்றுக்கும் எப்படி என்று எழுதி அனுப்பு. தை மாதம் திறக்க வேண்டும்.

திறக்கும்போது உன் பெயர் வருகிறதல்லவா, ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏலுமென்றால் அதையும் எடுத்துவிடு.

கொப்பி பையில் இருக்கிறது.

உன் ஜெசி


மல்வேர்ன்
10 ஜனவரி 2026

ஜெசிக்கு,

பதினோராம் இலக்கம் சரி. அமிர்தநாதர் அங்கிள் பிறகு எழுதிய கடிதங்கள் அதில்தான் இருந்தன, அதனால் செய்தேன். அவற்றைப் பென் ட்ரைவில் எடுத்து, போன செவ்வாய் அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். ஒன்பதாம் மாடி. அவர் வீட்டு லப்ரொப்புக்கும் எலி போடச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நின்று பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு அவருக்கும் சொன்னேன். நான் புறப்படும்போது அங்கிள், "அண்டைக்கு நீ வாய் திறப்பாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். "சரி, தேத்தண்ணி குடி" என்றார்.

கொப்பி வந்தது. அதில் பெயர் எழுதிவிட்டேன், மட்டையில், பெரிதாக.

பின்னால் இருந்து செய்வதைப் பற்றி யோசித்தேன். மூன்று கிழமை யோசித்தேன், அதனால்தான் பதில் பிந்தியது. வேண்டாம். கதைக்கிறது எனக்குப் பிடிக்காது என்று எழுதியிருக்கிறாய். பிடிக்காது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வராது என்றுதான் சொன்னேன். அந்த அறையில் வந்தது.

மற்றப் பதின்மூன்றையும் எப்படிச் செய்வது என்று கேட்டாய். உன் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தைப் பார். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய்.

உன் அப்பாவிடம் இனிச் சனிக்கிழமை நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சோதனைக்காலம் என்றேன். நீ சொல்ல விரும்பினால் நீயே சொல்லு. உன் பழைய கடிதங்கள் எல்லாம் பையின் பின் சிப்புக்குள் இருக்கின்றன, தேநீர்க் கறை படிந்ததும்.

பதினோராம் இலக்கத்தில் இந்த முறை எதையும் மிச்சம் வைக்கவில்லை. வட்டின் இரண்டு பகுதியையும் அழித்துவிட்டுத்தான் போட்டேன். என் பெயர் அதில் எங்கும் இல்லை, நீ கேட்டபடி. கடையில் விற்கும் புது லப்ரொப் மாதிரி வைத்திருக்கிறேன். முதல்தரம் திறக்கும்போது மொழி கேட்கும், ஊர் கேட்கும், பிறகு பெயர் கேட்கும். கொடுக்காமல் அடுத்த பக்கம் போகாது.

உன் பெயரைப் போடு.

நிலாணி